தண்ணி நிக்குது

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பலகையில் ஒரு வாசகம் இருந்தது: "தண்ணீர் தேங்கியுள்ளது. இன்றைய பயணம் ரத்து." கையெழுத்து அழகாக இருந்தது. கீழே நேரம்கூடப் போட்டிருந்தது. எழுதியவர் புதிதாகப் பயிற்றுநர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரில் ஒருவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருகிறவர் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நடந்தது இதுதான். முகத்துவாரத்திலிருந்து நமக்குத் தண்ணீர் நிலவரம் சொல்லும் பூங்காவனம் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏழரைக்கு தண்ணி நிக்குது" என்று சொல்லியிருக்கிறார். நம் நண்பர் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர். தண்ணி நிக்குது என்ற சொல்லைக் கேட்டதும் முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டுகிற பரம்பரை. உடனே ஆறு பேருக்குச் செய்தி அனுப்பிப் பயணத்தை நிறுத்திவிட்டார்.

நான் சிரித்தேன். பிறகு என் பழைய நாட்குறிப்புகளில் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஏறக்குறைய அதே வாசகம், என் கையெழுத்தில். சிரிப்பு அடங்கியது. ஆகவே இதை எழுதுகிறேன். இடது காதின் சவ்வு கிழிந்து, இனி வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி, நான் கரையேறி இரண்டு வருடமாகிறது. இப்போது என் வேலை பதிவேடுகளை ஒழுங்காக வைப்பதும் உங்களைக் குறை சொல்வதும். இரண்டையும் முறையாகச் செய்து வருகிறேன்.

நம் பள்ளியைப் பற்றி வெளியார் கேலி பேசினால் கோபப்படாதீர்கள். கடலுக்கு வெகு தூரத்தில், அம்பத்தூரில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குள் சிலிண்டரோடு முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். பயிற்சி ஆவடியில், வாடகைக் குளத்தில். அங்கே நம் மாணவர்கள் சந்திக்கும் ஒரே உயிரினம் குளக் காவலர். வருகிறவர்கள் பெரும்பாலும் காட்டுப்பாக்கம், பூந்தமல்லி அடுக்ககங்களில் குடியிருக்கும் கணினிக்காரர்கள். ஐந்து நாள் திரைக்கு முன்னால், ஆறாம் நாள் குளத்தில், ஏழாம் நாள் கடலில். திங்கட்கிழமை பக்கத்து மேசைக்குக் காட்ட ஒரு மீன் வேண்டும் அவர்களுக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் பிழைப்பே அந்தத் திங்கட்கிழமையில்தான் இருக்கிறது.

முகத்துவாரம் வேறு வகை. ஏரிநீரும் ஆற்றுநீரும் கழிமுகத்தில் சேர்ந்து கடலில் கலக்கும் குறுகிய வாய் அது. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே ஓடும். கடல் வற்றும்போது வெளியே ஓடும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் ஓடாமல் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்குள் நாம் இறங்கி, மீனைப் பார்த்து, ஏறிவிட வேண்டும். அந்த ஊரில் அதற்குப் பெயர்தான் தண்ணி நிக்குது.

பூங்காவனத்துக்கு என் வயதுதான். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து கையால் இறால் தடவுகிற பெண். பிடித்த இறாலைப் போட ஓலைப் பறி ஒன்றைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார். இரண்டு கையும் சேற்றுக்குள், வாயில் பறி. வேலை நேரத்தில் பேச வழியே இல்லை. அந்தப் பாக்கியையெல்லாம் கரையேறியதும் தீர்த்துவிடுவார், பெரும்பாலும் என்னிடம். என்னைவிட மூன்று மாதம் மூத்தவர் என்று கணக்குப் பார்த்துச் சொன்ன பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கால் நனையாமல் இருக்கக் காலணி போட்டு வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு அக்காதான்.

முதல் வருடம், ஐப்பசி மாதம். முந்தைய நாள் இரவெல்லாம் தூறல். காலையில் நானே அவரைக் கூப்பிட்டு, தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "ஏழு மணிக்கு நின்னுடும்க்கா" என்றார். அம்பத்தூரில் ஏழு மணிக்குத் தண்ணீர் நின்றால் பால்காரர் வரமாட்டார், பள்ளி வாகனம் வராது, பாம்பு வரும். பயணத்தை ரத்து செய்தேன். நாட்குறிப்பில் எழுதினேன்: "முகத்துவாரத்தில் தண்ணீர் தேங்கும் அபாயம்." கடல் வாயில் தண்ணீர் தேங்குவது அபாயமாம். இதை எழுதியபோது என் கை கூசவில்லை. அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அன்று பூங்காவனம் தன் இறாலை விட்டுவிட்டு எங்களுக்காகக் கல்லின் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரம் போனபோது கேட்டார்: "நிக்குதுன்னா வான்னு அர்த்தம்க்கா. உங்க ஊர்ல நின்னா வராதேன்னா அர்த்தம்? இன்னா ஊருக்கா அது."

கூட இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். அவமானம் எனக்கு எப்போதுமே பதிவேடாக மாறிவிடும். அன்று மாலையே கடல் ஏற்ற வற்ற அட்டவணையைத் தேடி எடுத்து, மாதவாரியாகப் படியெடுத்து, ஏறும் நேரம் நீல மையிலும் வற்றும் நேரம் சிவப்பு மையிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டேன். இனி யாரையும் கேட்டு அர்த்தம் புரியாமல் விழிக்க வேண்டாம். தண்ணீர் எப்போது நிற்கும் என்று தண்ணீருக்கே நான் சொல்வேன் என்ற அளவுக்கு இருந்தது என் தைரியம். இரண்டு வருடம் அந்த உறை என்னைக் காப்பாற்றியது. இரண்டு வருடம் காப்பாற்றுகிற பொருளிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாவது வருடத்து மழைக்காலத்தில் அம்பத்தூரில் எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. நம் ஊர் அர்த்தத்தில். நான்காம் நாள் பொக்லைன் வந்து கால்வாய் அடைப்பை உடைத்துவிட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியபோது தெருவே மாடியில் நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டி வழியனுப்பிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிற நானும் கேட்கவில்லை. அது புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில் இருந்தோம்.

அன்று ஆறு மாணவர்கள். ஒவ்வொருவராகக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. முதலில் பிரசன்னா. காட்டுப்பாக்கத்தில் குடியிருந்தவர், சொந்த ஊர் திண்டுக்கல், இருபத்தொன்பது வயது. நம் குளத்தில் பயிற்சி பெற்றவர்களில் விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர். அவருக்கு வேண்டியது அஞ்சாலை. கல்லிடுக்கில் பாம்பு மாதிரி உடம்பை மறைத்து, வாயைத் திறந்து திறந்து மூடும் மீன். அடுத்த வாரம் வேலை மாறி வெளிநாடு போகிறார். அதற்குள் ஒரு படம். கையில் இருந்த கேமரா அவருடைய தலையைவிடப் பெரியது.

அட்டவணைப்படி கடல் ஏழு நாற்பதுக்கு முழுதாக ஏறி நிற்கும். ஏழரைக்கு நாங்கள் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கல் விளிம்புக்கு வந்துவிட்டோம். வாயின் வடபுறம் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீளமாகக் கட்டிய தடுப்பு ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். அதன் மடிப்பில் இருக்கும் சின்னத் தேக்கம்தான் இறங்கும் இடம். மேல் தண்ணீர் கொஞ்சம் பழுப்பாக இருந்தது. மழைக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன்.

பூங்காவனம் பறியைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்தார். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"இன்னிக்கு நிக்காதுக்கா."

அட்டவணையைக் காட்டினேன். ஏழு நாற்பது, நீல மை.

"காயிதம் கடலுக்குத்தானே போட்டுகீது. உங்க ஊரு தண்ணி வந்துகினு கீது பாரு, அது இந்தக் காயிதத்த படிச்சிட்டா வருது?"

மாணவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அதுதான் கெடுத்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய சிரிப்பு அப்படியே காதில் விழுந்தது. இரண்டு மணி நேரம் வண்டியில் வந்தவர்கள், பெட்டி கட்டி வைத்திருக்கும் பிரசன்னா, உறை போட்ட என் அட்டவணை. இருபது நிமிடத்தில் ஏறிவிடுகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். உங்களில் யாராவது, அன்று அவர் சொன்னது உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையா என்று மரியாதையாகக் கேட்கக்கூடும். அன்று எனக்கு இரண்டு காதும் நன்றாக இருந்தன.

கீழே போனதும் என் பக்கம் நியாயம் என்று நினைத்தேன். ஓர் ஆள் உயரத்துக்குப் பழுப்பு, டீக்கடை வடிகட்டியிலிருந்து இறங்குகிற மாதிரி. அதைத் தாண்டியதும் தெளிவு. ஐந்து மீட்டர் ஆழத்தில் கல் அடிவாரம்வரை தெரிந்தது. தண்ணீர் அசையவே இல்லை. நின்றது. ஒரு களவா மீன் கல்லோடு கல்லாக உட்கார்ந்து எங்களை வரி கட்டாதவர்களைப் போலப் பார்த்தது. மணலில் ஒரு திருக்கை பாதி உடம்பைப் புதைத்துக் கிடந்தது. தடுப்பை ஒட்டி முப்பது மீட்டர் கடல் பக்கமாகப் போனோம். அங்கே அஞ்சாலை வீட்டில் இருந்தது.

அது மூச்சுவிடுவதற்காக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிரசன்னா அது படத்துக்கு நிற்கிறது என்று நினைத்துவிட்டார். இடப்பக்கம், வலப்பக்கம், கீழிருந்து, மறுபடி இடப்பக்கம். கல்யாண மண்டபத்தில் புகைப்படக்காரர் மாப்பிள்ளையைப் படுத்துகிற பாடு. நானும் ரசித்துக்கொண்டிருந்தேன், மறைக்கவில்லை.

தற்செயலாக மேலே பார்த்தேன். பழுப்புக் கூரைக்குக் கொஞ்சம் கீழே, தெளிந்த தண்ணீரில், இரண்டு சொறிகள், ஜெல்லிமீன்கள், குடை விரித்தபடி சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. கூரையை ஒட்டி மூன்றாவது சொறி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போனது, கடல் பக்கமாக, அம்பத்தூர் நிறுத்தத்தில் கை காட்டுகிறவர்களைப் பார்த்தும் நிற்காத பேருந்து மாதிரி. அதன் பின்னாலேயே ஒரு செருப்பு. அதன் பின்னால் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்றின் வேர்.

அப்போது புரிந்தது. கீழே கடல் தண்ணீர் நின்றது. அட்டவணை பொய் சொல்லவில்லை. அதன் மேல் எங்கள் ஊர் மழைத் தண்ணீர் தனியாக, கனமில்லாமல், வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மேலே போகிற எதுவாக இருந்தாலும் அதைக் கடலுக்குள் எடுத்துக்கொண்டு போகும். அன்று எங்களுக்குப் படகு இல்லை. கரையிலிருந்து இறங்குகிறவர்களுக்குப் படகு எதற்கு என்று இருந்தேன்.

பிரசன்னாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஐம்பதைத் தொட்டிருந்தது. ஐம்பது ஆனால் கட்டைவிரலைக் காட்டு, மேலே போ. ஆவடிக் குளத்தில் அவரைப் பதினைந்து தடவை சொல்ல வைத்தது நான். விதியில் தேறிய மாணவர் கட்டைவிரலைக் காட்டினார், மேலே கிளம்பினார். என் கையசைப்பை அவர் பார்க்கவில்லை. அவர் தலை பழுப்புக்குள் நுழைந்ததும் உடம்பு சாய்ந்தது. யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிற மாதிரி.

இங்கே நான் ரொம்ப யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. எம்பி அவர் கணுக்காலைப் பிடித்தேன், இன்னொரு கையால் கல்லிடுக்கைப் பிடித்தேன், கீழே இழுத்தேன். அஞ்சாலையின் வீட்டு வாசலில்தான் என் கை இருந்தது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அது என்னைக் கடிக்கவில்லை. அதற்கும் அன்று போதும் போதும் என்றிருந்திருக்க வேண்டும்.

யோசனை அதன் பிறகு வந்தது. அவர் என்னை உதைத்தார். ஃபின் என் முகத்தில் பட்டு மாஸ்க் பாதி கழன்றது. அவர் பக்கம் நின்று பாருங்கள். காற்று குறைகிறது, விதி மேலே போ என்கிறது, விதியைச் சொல்லிக்கொடுத்த பெண் காலைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். நான் அவரைக் கொல்கிறேன் என்று நினைத்திருப்பார். மேலே விட்டுவிட்டுக் கூடவே போகலாமா? போனால் இரண்டு பேரும் செருப்புக்குப் பின்னால். ஐம்பது என்பது இந்த ஆழத்தில் சில நிமிடம் தாங்கும். பதறுகிறவருக்கு அதில் பாதி. முப்பது மீட்டர் திரும்ப வேண்டும், அதுவும் மேலே போகாமல், கீழே நிற்கிற தண்ணீரிலேயே.

அவருடைய மாஸ்க்குக்கு முன்னால் என் முகத்தைக் கொண்டுபோனேன். மேலே காட்டினேன். நல்லவேளையாக அந்த நேரம் இன்னொரு சொறி போனது. அவர் அதைப் பார்த்தார். அது போன வேகத்தைப் பார்த்தார். உதைப்பது நின்றது. கேமராவை விட்டுவிடச் சொன்னேன். விடவில்லை. அந்த வாக்குவாதத்துக்கு நேரமில்லை. அவர் பட்டையைப் பிடித்துக்கொண்டு, கல் கல்லாகத் தொட்டு, கரைப் பக்கம் நகர்ந்தேன். திருக்கை கிடந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

தடுப்பின் மடிப்புக்கு வந்து மேலே எழுந்தபோது அங்கேயும் மேல் தண்ணீர் இழுத்தது, கொஞ்சம் குறைவாக. என் கை வழுக்கியது. அப்போது ஒரு கை வந்து பிரசன்னாவின் சிலிண்டர் வால்வைப் பிடித்துக் கல்மேல் இழுத்தது. பூங்காவனம். மார்பளவு தண்ணீரில், ஒரு காலைக் கல்லிடுக்கில் கொடுத்து நின்றிருந்தார். பறி இருந்தது பல்லில். அதைக் கீழே வைக்கக்கூட நேரம் எடுக்கவில்லை.

எங்கள் குமிழிகள் வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே தடுப்பின் மேல் கூடவே நடந்து வந்தாராம். குமிழி திரும்பியதும் எங்கே ஏறுவோம் என்று தெரிந்துகொண்டு இறங்கியிருக்கிறார். மற்ற ஐந்து பேரையும் சட்டை மாற்றச் சொல்லி வேனில் உட்கார வைத்ததும் அவர்தான். பிரசன்னாவின் கேஜில் பதினைந்து இருந்தது. கல்லில் உட்கார்ந்து கொஞ்சம் வாந்தி எடுத்தார். பிறகு கேமராவைத் திறந்து பார்த்தார்.

"மேடம், ஒண்ணுகூட ஃபோகஸ் ஆகல" என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

பூங்காவனம் பறியை வாயிலிருந்து எடுத்தார். சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். போடவில்லை. என் உறை போட்ட அட்டவணையைக் கல்லிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, என் கையில் கொடுத்தார்.

"கீழ நிக்கும், மேல ஓடும். அது எந்த மையில போட்டுகீற?"

அன்று மாலை நாட்குறிப்பை எடுத்தேன். விபத்துப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, பள்ளிப் பதிவேட்டிலும் அதையே படியெடுக்க வேண்டும். "எதிர்பாராத நீரோட்டம்" என்று எழுதினேன். நல்ல வாசகம். நம் தொழிலில் பாதிப் பதிவேடுகள் அந்த ஒரு வாசகத்தில்தான் நிற்கின்றன. படித்தவர் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், பிரசன்னாகூட. அவர் நன்றி சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார், உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று. அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். அது இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

ஆனால் வாசகத்தைத் திரும்பப் படித்தபோது, யார் எதிர்பாராதது என்று கேட்கத் தோன்றியது. கரையில் ஒருத்தி எதிர்பார்த்தாள். என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். காரணத்தோடு சொன்னாள். அடித்துவிட்டு எழுதினேன்: "முன்கூட்டியே சொல்லப்பட்டது. சிரிப்பார்கள் என்று இறங்கினேன்." அடித்த வரி தெரியும்படிதான் விட்டிருக்கிறேன். அலமாரியில் இரண்டாம் தட்டு, பச்சை அட்டை. வேண்டுமானால் பாருங்கள்.

இதிலிருந்து உங்களுக்கு விதி ஒன்றும் வடித்துத் தரப்போவதில்லை. ஐம்பது ஆனால் மேலே என்ற விதி நல்ல விதி. அதைச் சொல்லிக்கொடுங்கள். அதன்படி ஒருவர் மேலே போகும்போது காலைப் பிடித்து இழுக்க வேண்டிய நாளும் வரும். அந்த நாள் வந்தது என்று மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவி மணியடிக்காது. செருப்பு போகும், சொறி போகும், இறால் தடவுகிறவர் தண்ணீரில் இறங்காமல் நிற்பார். அவ்வளவுதான் அறிவிப்பு.

நேற்று பூங்காவனம் கூப்பிட்டார். போன ஞாயிறு ஏன் வரவில்லை என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். புதுசா வந்ததும் உங்க ஊருதானா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

"உங்கூட்டாண்ட ரெண்டு நாளா மழையாமே?"

ஆமாம், தெருவில் தண்ணீர் நிற்கிறது என்றேன்.

"அப்போ இந்த ஞாயிறு இங்க நிக்காது. எழுதிக்கினியா?"

எழுதிக்கொண்டேன். பலகையில் இருக்கிறது. அழகான கையெழுத்துக்காரர் யாரும் அதை அழிக்க வேண்டாம்.